ஆறு மணித் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

வீட்டு வேலைகளை முடித்துக் கடல் ஆய்வு நிலையத்துக்குப் போகையில் மணி பத்தரை. ஆய்வுக்கூடத்து மின்விசிறி இன்னும் ஓடவில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, நான்காவது தடவை கடலில் எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

நடைப்பாலத்தின் முனைக்குப் போய்ப் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்துப் பி.எச். அளந்தேன். 8.16. எட்டுக்கு மேலே இருந்தால் கடலுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்க இறங்கத் தண்ணீரில் புளிப்பு ஏறுகிறது, சிப்பிக்கு ஓடு கட்ட வராது. சுற்றிப் பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி இது எனக்கு மனப்பாடம். பதிவேட்டில் ஏற்றினேன். நேரக் கட்டத்தில் வழக்கம்போல 6.00.

புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். முகுந்தன், சேலத்துக்காரர். மீனுக்கு நேரம் தெரியுமா, ஆள் அடையாளம் தெரியுமா என்று ஆராய்ச்சி. முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஏழு வருஷமாகக் கிடக்கும் எங்கள் களவா மீனைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அசையாமல் நின்றார். "இதுக்கு யாருங்க அக்கா சாப்பாடு போடறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மாதிரி எடுத்துத் திரும்பும்போது ஓர் இறால் துண்டைப் போடுவேன், அவ்வளவுதான்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு பிரகாசி வந்தாள். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் சிப்பிக்கூடம் நடத்துகிற பதினோரு பெண்களுக்கு அவள்தான் தலைவி. முத்துச்சிப்பிக் குஞ்சு வளர்க்கும் அரசுத் திட்டம். கடலில் காற்று எழுந்து சேறு கலங்குவதற்கு முன்னால், விடியும்போதே மோட்டார் போட்டுத் தொட்டிகளை நிரப்பிவிடுவார்கள். கடந்த ஒரு வருஷத்தில் நான்கு ஈடு குஞ்சு செத்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி மாவட்டத்திலிருந்து குழு வந்து விசாரிக்கப் போகிறது. தவறு அவளுடையது என்று எழுதினால் தலைமையும் போகும், பேரும் போகும்.

"ரெண்டாம் நாள் வரைக்கும் நல்லா நீந்திக்கிட்டு கெடக்கு எக்கா. மூணாம் நாள் விடிஞ்சு பாத்தா அடியில மாவு மாதிரி படிஞ்சிருக்கு. நீங்க ஒருவாட்டி தண்ணியப் பாத்துச் சொல்லுங்க."

நான் பதில் சொல்லும் முன்பே பொறுப்பாளர் கோமதிநாயகம் சார் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். "பாரும்மா. எட்டு வருஷமா ஆறு மணித் தண்ணி. ஒரு நாளாவது எட்டுக்குக் கீழ எறங்கியிருக்கா? தண்ணி மேல பழிபோடாதிய. தொட்டிய ஒழுங்கா வெளக்குங்க, கையக் கழுவிட்டுத் தொடுங்க."

பிரகாசி என்னைப் பார்த்தாள். நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

8.14. இறால் தீர்ந்துவிட்டது. களவாவுக்குச் சூடை மீன் தலையைப் போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொழுப்பு.

மார்ச் 9, ஞாயிறு

திரைச்சீலை எல்லாம் துவைத்துப் போட்டேன். என் வீட்டுக்காரருடைய கைத்தடியை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். யாருக்காவது கொடுத்துவிடலாம். கொடுக்க மனம் வரவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில். விடியற்காலை ஐந்திலிருந்து பத்து வரை அவர் உடம்பு வேலை. துடைத்து, மாற்றி, ஊட்டி, கை காலை நீவி, திருப்பிப் படுக்க வைத்து. பத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்காருவாள், நான் ஓடுவேன். ஆறு மணிக்குப் பாலத்தில் நிற்க எனக்கு இன்னொரு உடம்பு வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? சொன்னால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது, ஆறு மணிக்கும் அதே கடல்தானே என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வருகிற ஆனியோடு அவர் போய் இரண்டு வருஷம்.

மார்ச் 11, செவ்வாய்

8.17.

சாயங்காலம் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். அந்தோணிப்பிச்சை புது வலை இறக்குகிறார். இந்த மணல்முனை ஊரில் புது வலை கடலுக்குப் போனால் முதல் மிதவையைக் கைராசிக்காரி ஒருத்தி கட்டிவிட வேண்டும். நான் இங்கே வந்த நாளிலிருந்து அது பிரகாசிதான். அவள் கட்டிய வலை வெறும் வலையாகத் திரும்பாது என்று சத்தியம் செய்வார்கள். இன்றைக்கு வேறு யாரோ ஒரு பெண் கட்டினாள். பிரகாசி கொஞ்சம் தள்ளிக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மீன்காரி என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "லெச்சக்கணக்குல உசிரு எக்கா, நாலு தடவ. அந்தக் கைய எப்பிடி வலையில வைக்கச் சொல்லுவாவ? அவ தம்பி பொண்டாட்டியே புள்ளைய அவ கையில குடுக்க மாட்டேங்கா. அஞ்சு மாசப் புள்ள. அத்தக்காரி தூரத்துல நின்னு விசிலடிச்சுக் காமிக்கா."

நான் இரண்டு கூறு சாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆய்ந்து வைத்தேன், குழம்பு வைக்கத் தோன்றவில்லை.

மார்ச் 13, வியாழன்

முகுந்தன் கூப்பிட்டார். களவாத் தொட்டிக்கு எதிரே பத்து நாளாக வீடியோ கேமரா வைத்திருக்கிறார், அது இரவும் பகலும் ஓடுகிறது. கணினியில் ஓட்டிக் காட்டினார். நாள் முழுக்கக் கல் பொந்துக்குள் கிடக்கிற மீன், தினமும் பத்து நாற்பதுக்கு வெளியே வந்து, பாலத்துக் கதவைப் பார்த்த மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து நான் வருகிறேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வரல பாருங்க. அன்னைக்கும் பத்து நாப்பதுக்கு வந்து நின்னிருக்குது. பன்னெண்டு மணி வரைக்கும் நகரவே இல்லைங்க அக்கா. எனக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சு. நம்ம எழுதி வெச்சுத்தான் நேரத்த ஞாபகம் வெச்சுக்கறோம். இது எழுதாமலே வெச்சிருக்குது."

எனக்கும் சிலிர்த்தது, அவருக்குச் சிலிர்த்த காரணத்துக்காக அல்ல. ஓடிய படத்தில் என் வலது கையில் மாதிரிப் பாட்டில். அதன் மேல் நானே ஒட்டிய சீட்டு, தேதியும் எண்ணும் தெளிவாக. படத்தின் ஓரத்தில் நேரம் 10.46. முகுந்தன் மீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

ஆறு மணிக்குப் பாலத்தில் நின்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. சும்மா பார்க்கலாம் என்றுதான் போனேன். காற்று இல்லை. கடற்புல் தண்ணீருக்கு அடியில் படுத்துக் கிடந்தது. மதிலுக்கு அப்பால் பிரகாசியின் மோட்டார் ஓடுகிற சத்தம்.

7.57.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அளவு தெரிந்த மூன்று கரைசலிலும் வைத்துச் சரிபார்த்து மறுபடி அளந்தேன். 7.56. பாட்டிலைக் கழுவி இன்னொரு தடவை. 7.57.

பத்தரைக்குப் போய் எடுத்தேன். 8.15.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பகலில் கடற்புல் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீரில் உள்ள கரியமில வாயுவைத் தின்றுவிடுகிறது, தண்ணீரில் புளிப்பு இறங்குகிறது. இரவில் தின்ன முடியாது. புல், மீன், புழு எல்லாம் மூச்சு விட்டு விட்டு, விடியும்போது தண்ணீர் புளித்திருக்கிறது. நான்கைந்து வருஷமாக ஊர்க் கழிவுநீர் ஓடை வேறு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதில் வருகிறதெல்லாம் அழுகுகிறது. இதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் ஆறு மணிக்கு எடு என்று விதி போட்டார்கள்.

பதிவேட்டில் என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 15, சனி

ஆறு மணி. 7.61.

எழுதிவிடுகிறேன். நேற்று 6.00 என்று போட்டு 8.15 எழுதினேன். தெரிந்தே எழுதினேன். இதற்கு முன்னால் எழுதியதற்கெல்லாம் சாக்கு இருக்கிறது, இதற்கு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆறு மணி. 7.58. அலுவலகம் கிடையாது, ஆனாலும் போனேன்.

அவர் போன பிறகு ஏன் நேரத்தை மாற்றவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஆனி போய் ஆடி வந்ததும் எனக்கு விடியற்காலை முழுவதும் காலியாகத்தான் கிடந்தது. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் கிளம்பிப் பாதி வழி வரைக்கும் வந்தேன். திடீரென்று எண் குறைந்தால், நேற்று வரைக்கும் எப்படி நன்றாக இருந்தது என்று சார் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து திரும்பிவிட்டேன். கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவருக்காகத்தான் பொய் எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பேரை இதில் இழுக்க எனக்கு வாய் கூசுகிறது.

மார்ச் 17, திங்கள்

ஆறு மணிக்குப் பாலத்தில் முகுந்தன் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய சொந்த மீட்டர்.

"நாலு நாளா நீங்க விடிகாலைல வர்றீங்க. அதுவும் படத்துல இருக்குதுங்க அக்கா."

இரண்டு பேரும் அளந்தோம். எனக்கு 7.59, அவருக்கு 7.60.

"களவா பாவம், குழம்பிப்போய் ரெண்டு நேரமும் வந்து நிக்குது," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலைங்க. சொல்றதுக்கு நான் யாரு? ஆனா படத்த அழின்னு மட்டும் கேட்டுடாதீங்க. அது என்னால முடியாது."

கேட்கவேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பதிவேடுகளை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். எட்டு.

"எட்டு வருஷத்துக்கு முன்னால இந்த ஓடை இங்க இல்ல. அப்ப விடியக்காலத் தண்ணி எப்பிடி இருந்துச்சு, எந்த வருஷம் எறங்க ஆரம்பிச்சுது? இனிமே எவனாலயும் சொல்ல முடியாது. அந்தக் காலையெல்லாம் திரும்ப வராதும்மா. நீங்க பொய் எழுதினிய, அது ஒரு தப்பு. நெசத்தையும் சேத்து இல்லாம ஆக்கிட்டிய."

எனக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை. பொய் எழுதியதாக மட்டும்தான் நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, குழு வரும்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், நான் பதமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு ஐப்பசியில் ஓய்வு. எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19, புதன்

பிரகாசி வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து சாம்பலைப் போட்டுத் தன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் ஒன்றும் பக்கத்தில் இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

சொன்னேன். ஓடு கட்ட முடியாமல்தான் குஞ்சுகள் செத்தன, நீ நிரப்பிய தண்ணீர் புளித்த தண்ணீர், அதை எட்டு வருஷமாக நல்ல தண்ணீர் என்று எழுதியவள் நான். கணவர் கதையைச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும், அவர் படுத்திருந்தபோது எத்தனையோ நாள் மீன் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டாவது ஈடு செத்ததுல இருந்து நான் கவிச்சி வாயில வைக்கல. மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். தொட்டிக்குள்ள எறங்குதப்போ செருப்பு போட மாட்டேன். வீட்டுக்குத் தூரமான நாள்ல அந்தப் பக்கமே போவ மாட்டேன். அப்பவும் செத்துச்சு. அப்ப என் கையிலதான் என்னமோ இருக்குன்னு நெனச்சேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க நேரத்த மாத்தி எழுதுனதுக்கு நான் நோம்பு இருந்தேனா எக்கா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"போங்க," என்றாள். வைதிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். திரும்பி வரும் வழியில் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் எனக்காகத்தான்.

மார்ச் 20, வியாழன்

7.55. இன்றைக்குத்தான் இருப்பதிலேயே குறைவு. நேரம் 6.00. கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரத்தை எழுதினேன்.

மார்ச் 21, வெள்ளி

குழுவில் மூன்று பேர். ஒரு பெண் அதிகாரி, இரண்டு ஆண்கள். எங்கள் கூட்ட அறையில்தான் நடந்தது. பிரகாசியும் பெண்களும் சுவரோரம் நின்றார்கள், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அண்மைக்காலத்தில் சில மாறுதல்கள் தென்படுவதாகத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

முழுவதையும் சொன்னேன். மீனையும் சொன்னேன். அப்போது ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

பெண் அதிகாரி கேட்டார். "எட்டு வருஷம் பொய் எழுதுன நீங்க, இந்த ஒரு வாரம் எழுதுனது மட்டும் நெசம்னு எப்படி நம்பச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. முகுந்தன் எழுந்து தன்னுடைய அளவுகளையும் படத்தையும் காட்டினார். களவா மூலையில் வந்து நிற்பதை மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். நாளைக்குச் செய்தித்தாளில் போடச் சொல்வார்கள் போல இருந்தது.

தீர்ப்பு இது. குஞ்சு சாவுக்குத் தலைவி காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று சொல்லவும் போதிய ஆதாரம் இல்லை, ஏனென்றால் நம்பத்தக்க பதிவு இல்லை. ஒரு வருஷம் தினமும் விடியலில் அளக்க வேண்டும். அதுவரைக்கும் சிப்பிக்கூடம் மூடப்படும். எனக்கு இடைநீக்கம்.

பதினோரு பெண்களும் ஒருவர் பின்னால் ஒருவராக வெளியே போனார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் துப்பினார்கள். அவர்கள் வேலையைப் பறித்துவிட்டேன், உண்மையைச் சொல்லித்தான் பறித்தேன் என்பது அவர்களுக்கு என்ன ஆறுதல்?

மார்ச் 22, சனி

மேசையைக் காலி செய்தேன். ஒரு தம்ளர், ஒரு சீப்பு, அவர் படம். இனி விடியல் மாதிரியை முகுந்தன் எடுப்பார், பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது தீர்மானத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் "தலைவி மீது குற்றம் காண்பதற்கு இல்லை" என்ற வரிக்குக் கீழே கோடு போட்டேன். கோமதிநாயகம் சார் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடியும் நேரம் பார்த்து நகலை எடுத்துக்கொண்டு பிரகாசி வீட்டுக்குப் போனேன். உள்ளே விட மாட்டாள் என்று நினைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் தம்பியும் தம்பி மனைவி சகாயராணியும் இருந்தார்கள். தாளைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் உரக்கப் படித்தான், கோடு போட்ட வரியை இரண்டு தடவை படித்தான்.

சகாயராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கொழுகொழுவென்ற பெண் பிள்ளை, அப்போதுதான் பல் முளைக்கிற ஈறு. நேரே பிரகாசியிடம் போய் நீட்டினாள்.

"நான் புத்தியில்லாம இருந்துட்டேன் மைனி. இந்தாங்க, வாங்கிக்கிடுங்க."

பிள்ளை சிரித்துக்கொண்டு அத்தையின் பக்கம் தாவியது. இதற்காகத்தான் வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிரகாசி எழுந்தாள். கை பாதி தூரம் வந்தது. அப்புறம் இரண்டு கையையும் இழுத்துச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் ராணி."

"அதான் தாளுலயே எழுதிட்டாவளே மைனி."

"எழுதிட்டாவ. சரிதான்." பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கிப் புள்ளைக்கு ஒரு காச்ச வந்தா, நீங்க யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டிய. நான் என்னைய நம்ப மாட்டேன்."

பிள்ளை இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. சகாயராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.